செஸ்னா பின் சீட்டை இரண்டாக வெட்டித் தரச் சொல்கிறார், கார் சீட் போடுகிற நான் கை வைக்கலாமா?

முதலியார்பேட்டை குஷன்:

வணக்கம். புதுச்சேரி கடலூர் சாலையில் 22 வருடமாகக் கார், வேன், ஆம்னி பஸ் சீட் வேலை செய்கிறேன். விமான வேலை தெரிந்தவர்கள் இருந்தால் தயவுசெய்து பதில் போடுங்கள். அட்வான்ஸ் இன்னும் வாங்கவில்லை, உங்கள் பதிலைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவதா வேண்டாமா என்று முடிவு செய்யப் போகிறேன்.

என் பழைய வாடிக்கையாளர் ஒருவரிடம் சொந்தமாகச் சின்ன விமானம் இருக்கிறது. செஸ்னா 172 என், 1978 மாடல், நாலு பேர் உட்காருகிற மாதிரி. போன வியாழக்கிழமை அதன் பின் சீட்டைக் காரில் போட்டுக் கொண்டுவந்து கடை வாசலில் இறக்கிவிட்டார். அவர் அம்மாவுக்கு 74 வயது, மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு வலது கால் மடங்கவே இல்லை, நீட்டியபடிதான் உட்கார முடியும். அந்த அம்மா பிறந்து வளர்ந்தது கடலூர் தேவனாம்பட்டினம். லாஸ்பேட்டை விமான நிலையத்தில் ஏறி, கடலோரமாகவே போய், வெள்ளிக் கடற்கரையையும் கெடிலம் கடலில் சேருகிற இடத்தையும் மேலிருந்து ஒரு தடவை அம்மாவுக்குக் காட்டிவிட வேண்டும் என்று மகனுக்கு ஆசை. அதற்காக ஒரே பெஞ்சாக இருக்கிற அடிச்சீட்டை நடுவில் வெட்டி இரண்டாக்கி, இடது பாதி மட்டும் மடங்குகிற மாதிரி செய்துகொடு, அம்மா வலது பக்கம் உட்கார்ந்து காலை அந்த இடத்தில் நீட்டிக்கொள்வார் என்கிறார். கூடவே புது ஃபோம், புது உறை, முடிந்தால் புது பெல்ட்.

வெட்டி, கீல் வைத்து, வெல்டிங் அடிப்பது எனக்குப் பெரிய வேலை இல்லை, வேன் சீட்டில் எத்தனையோ தடவை செய்தாயிற்று. ஆனால் இந்தச் சட்டத்தைக் கையில் தூக்கியதும் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மாருதி சீட் கனம்கூட இல்லை. இவ்வளவு லேசாகச் செய்திருக்கிறார்கள் என்றால் ஏதோ கணக்குப் போட்டுத்தானே செய்திருப்பார்கள்?

நான் நினைத்தது 40 டென்சிட்டி ஃபோம் 4 அங்குலம், மேலே நல்ல ரெக்சின், பெல்ட்டுக்குக் கார் பெல்ட் நாடாவையே தைத்துவிடலாம் என்று. இதில் எது செய்யலாம், எது செய்யக் கூடாது?

கடலூர் ஓ.டி. படகு:

அண்ணே, நான் துறைமுகத்தில் ஃபைபர் படகு வேலை செய்கிறவன். சட்டத்தை ஏன் வெட்ட வேண்டும்? அந்த அளவுக்கு ஃபைபரில் இரண்டு தனித்தனிக் கிண்ணம் அச்சு எடுத்துப் போட்டால் கனமும் குறையும், உப்புக் காற்றுக்கும் அசையாது. மூன்று லேயர் கண்ணாடியிழைப் பாய், நல்ல ரெசின், வாழ்நாளுக்கும் போதும். வேண்டுமென்றால் நானே வந்து அச்சு எடுத்துத் தருகிறேன், அந்த அம்மா எங்கள் ஊர்க்காரர், கூலி வேண்டாம்.

ஓய்வு பெற்ற ஏ.எம்.இ.:

முதலியார்பேட்டைத் தம்பி, ரம்பத்தைக் கீழே வையுங்கள். கேட்டுவிட்டுச் செய்யலாம் என்று நின்றீர்களே, அதுவே பெரிய விஷயம். நான் 31 வருடம் ஏ.எம்.இ., அதாவது உரிமம் உள்ள விமானப் பராமரிப்பு இன்ஜினியராக இருந்தவன், இந்த மாதிரி சீட்டுகளில் நிறைய வேலை பார்த்திருக்கிறேன்.

அந்தச் சீட்டைப் பார்ப்பதற்கு கார் சீட் மாதிரி இருக்கும், ஆனால் அதன் வேலை வேறு. 172 எந்த அமெரிக்க விதிப்படி அங்கீகாரம் வாங்கியதோ அந்த விதி, அவசரத் தரையிறக்கத்தில் முன்பக்கமாக 9 ஜி விசையைச் சீட்டும் பெல்ட்டும் தாங்க வேண்டும் என்று கேட்கிறது. 9 ஜி என்றால் உட்கார்ந்திருப்பவரின் எடையைப் போல் ஒன்பது மடங்கு. அந்த அம்மா 57 கிலோ என்று வைத்துக்கொண்டால் 513 கிலோ. பக்கத்தில் இன்னொருவரும் இருந்தால் அந்த லேசான சட்டத்தின் மேல் ஒரு டன்னுக்கு மேல் விழும். நீங்கள் கையில் தூக்கிப் பார்த்து உணர்ந்தது சரி, ஒவ்வொரு குழாயும் எதற்கோ கணக்குப் பார்த்து வைத்ததுதான். நடுவில் வெட்டிக் கீல் வைத்தால் அந்தக் கணக்கு அத்தோடு போச்சு. அலுமினியத்தில் வெல்டிங் அடித்தால் இன்னும் மோசம். சூட்டுப் பதம் ஏற்றிய அலுமினியம் வெல்டிங் சூட்டில் பதத்தை இழந்துவிடும், பற்று வைத்த இடத்துக்கு ஒட்டினாற்போல் பலம் பாதி அளவுக்குக்கூட இறங்கலாம், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

பெல்ட்டின் கொக்கி எங்கே பூட்டியிருக்கிறது என்று பாருங்கள். விமானத் தரையிலா, இந்தச் சீட் சட்டத்திலா? சட்டத்தில் என்றால், நீங்கள் வெட்டப்போவது சீட்டை மட்டும் இல்லை.

கார் பெல்ட் நாடா கண்டிப்பாகக் கூடாது. விமானப் பெல்ட்டுக்குத் தனி அங்கீகாரம் உண்டு, டிஎஸ்ஓ சி22 என்கிற அமெரிக்கத் தர எண் அதன் சின்னத் துணிச்சீட்டில் அச்சடித்திருக்கும். சாயம் போயிருந்தாலும் அந்தத் துணிச்சீட்டைப் பிய்த்துவிடாதீர்கள். பழைய பெல்ட்டைக் கழற்றி நாடா மாற்றுவதும் அதற்கென்று அங்கீகாரம் உள்ள பட்டறையின் வேலை, உங்கள் தையல் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் சரி.

அப்புறம் ஃபோம். மெத்தென்று 4 அங்குலம் வைத்தால் உட்கார சுகமாக இருக்கும், அடிபடும்போது அதுவே ஆபத்து. விமானம் தடாலென்று இறங்கினால் சீட் சட்டம் உடனே நின்றுவிடும், ஆள் மட்டும் ஃபோமை அமுக்கிக்கொண்டே கீழே போய் வேகத்தோடு சட்டத்தில் மோதுவார். முதுகெலும்பு நொறுங்குவது அங்கேதான். அதனால்தான் விமானச் சீட்டுக்கு மெல்ல அமுங்கி மெல்ல எழும்புகிற ஃபோமைத் தேடுகிறார்கள்.

நெருப்பு இன்னொன்று. சாதாரண பாலியூரித்தேன் ஃபோம் எரிந்தால் வருகிற புகையில் ஹைட்ரஜன் சயனைடு இருக்கும், அந்தச் சின்னக் கேபினில் இரண்டு மூச்சுக்கு மேல் யோசிக்க நேரம் கிடைக்காது. உறைத் துணிக்குப் பொதுவாகக் கேட்கப்படுகிற செங்குத்துச் சோதனை இதுதான்: துணியைத் தொங்கவிட்டு 12 நொடி சுடர் காட்டி எடுத்தபின் 15 நொடிக்குள் தானே அணைய வேண்டும், எரிந்த நீளம் 8 அங்குலத்தைத் தாண்டக் கூடாது, உருகி விழுகிற சொட்டு 5 நொடிக்குமேல் எரியக் கூடாது. துணி மட்டும் தேறினால் போதாது, நூல், கோந்து, ஃபோம் எல்லாம் சேர்ந்து தேற வேண்டும், ஒவ்வொன்றுக்கும் காகிதம் வேண்டும். ஒரு தடவை ஒரு தனியார் விமானம் ஆய்வுக்கு வந்தது, உள்ளே தேன் நிறத்தில் அழகான புது சீட், தையல் ஒவ்வொன்றும் முத்து மாதிரி. காகிதம் ஒன்றுகூட இல்லை. அத்தனையையும் என் கையாலேயே உரிக்க வேண்டி வந்தது. தைத்தவர் யாரென்று எனக்குத் தெரியாது, ஆனால் அவர் உழைப்பு வீணானதை நினைத்து அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

யூடியூபில் அமெரிக்கர்கள் தாங்களே உறை மாற்றுவதைப் பார்த்து உரிமையாளருக்கு இந்த எண்ணம் வந்திருக்கலாம். அங்கே உரிமையாளரான பைலட் தானே செய்துகொள்ளக்கூடிய சின்ன வேலைகள் என்று ஒரு பட்டியல் உண்டு, உறை வேலை அதில் வருகிறது. அது அவர்கள் நாட்டுப் பதிவில் உள்ள விமானத்துக்கு. விடி எழுத்துள்ள, அதாவது இந்தியப் பதிவில் உள்ள விமானத்துக்கு நம் விமானத் துறை ஆணையமான டிஜிசிஏ விதிதான், அமைப்பையே மாற்றுவது என்றால் அவர்களுடைய சிஏஆர் 21 விதிப்படி முன்கூட்டி ஒப்புதல் வேண்டும்.

கடைசியாக ஒன்று. சீட்டைக் கழற்றியது யார், லாக் புத்தகத்தில் எழுதினார்களா என்று அவரிடம் கேளுங்கள். எழுதவில்லை என்றால் முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

கடலூர்த் தம்பி, உங்கள் மனசு பெரிது. ஆனால் ஃபைபர் கிண்ணம் என்பது புது சீட், அது 9 ஜி தாங்கும் என்று சோதித்துக் காட்டி ஒப்புதல் வாங்க வேண்டும். படகில் அலை கீழேயிருந்து அடிக்கும், இங்கே விசை முன்பக்கமாக இழுக்கும், பாய் விரிக்கிற திசையே வேறு.

முதலியார்பேட்டை குஷன்:

ஐயா, ரொம்ப நன்றி. நீங்கள் சொன்ன இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். பெல்ட் கொக்கிகள் இரண்டும் அடிச்சீட்டின் நடுவில், சட்டத்திலேயே போல்ட் போட்டுப் பூட்டியிருக்கின்றன. நான் சுண்ணாம்புக் கோடு போட்டு வைத்திருந்தது சரியாக அந்த இரண்டு போல்ட்டுக்கும் நடுவில். கோட்டை ஈரத் துணியால் அழித்துவிட்டேன்.

நேற்று இரவு கடையைச் சாத்திய பிறகு வாசலில், நான் போடலாம் என்று நினைத்த ரெக்சினில் ஒரு விரல்கடை அகலத்துக்கு வெட்டிக் குறட்டில் பிடித்து லைட்டர் காட்டினேன். லைட்டரை எடுத்த பிறகும் அணையவில்லை, கருப்பாக உருகி, எரிந்துகொண்டே சொட்டுச் சொட்டாகச் சிமெண்ட் தரையில் விழுந்தது, விழுந்த இடத்திலும் எரிந்தது. இதே ரெக்சினை 22 வருடமாக வேனில் போட்டுக்கொண்டிருக்கிறேன். அப்பா ஏ.எஃப்.டி. மில்லில் தறி ஓட்டியவர், பஞ்சா கலப்பா என்று நூலைக் கொளுத்தி மோந்து பார்த்தே சொல்லிவிடுவார், எனக்கு அது இத்தனை நாள் தோன்றவில்லை. பள்ளிப்பிள்ளைகள் போகிற வேன்களுக்கு இனி என்ன போடுவது என்று தனியாக யோசிக்க வேண்டும்.

இன்னொன்று, பழைய ஃபோமை ஓரத்தில் தூக்கிப் பார்த்தபோது குழாயில் அங்கங்கே வெள்ளைப் பவுடர் பூத்திருக்கிறது. கையால் தடவினால் உப்பு மாதிரி வருகிறது, கீழே சொரசொரப்பு. இது பரவாயில்லையா?

நெய்வேலி விமானி:

நான் பைலட், ஓட்டியதில் பாதி நேரத்துக்குமேல் 172 என்தான். சீட்டின் பலத்தை ஐயா சொல்லிவிட்டார், நான் பாரக் கணக்கைச் சொல்கிறேன்.

இந்த மாடலின் உச்ச எடை 2300 பவுண்டு, அதாவது 1043 கிலோ. சி.ஜி. என்கிற பாரப்புள்ளி, அதாவது மொத்த எடையும் சமமாக நிற்கிற இடம், அந்த முழு எடையில், எஞ்சின் தடுப்புச் சுவரிலிருந்து 38.5 அங்குலத்துக்கும் 47.3 அங்குலத்துக்கும் நடுவில் நிற்க வேண்டும். முன் சீட்டில் உட்காருபவர் 37 அங்குலத்தில், பெட்ரோல் 48-இல், பின் சீட்டுக்காரர் 73-இல், சாமான் 95-இல். மாட்டு வண்டியில் பின்பாரம் ஏறினால் மூக்கணை மேலே தூக்கும் பாருங்கள், அதே கதைதான், தரையில் இல்லாமல் ஆகாயத்தில். இதே விமானத்தை யுடிலிட்டி வகையில், அதாவது எடையைக் குறைத்துக் கடினமான திருப்பங்கள் செய்கிற வகையில், ஓட்டும்போது பின் சீட்டில் ஆளே இருக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறார்கள் என்றால் அந்தச் சீட் எவ்வளவு முக்கியம் என்று புரியும்.

ஒரு உதாரணம் போடுகிறேன், அவர் விமானத்தின் உண்மையான எண்கள் அவர் புத்தகத்தில் இருக்கும், அவற்றை வைத்துத்தான் போட வேண்டும். வெறும் விமானம் 1450 பவுண்டு, 39 அங்குலத்தில். முன்னால் இருவர் 330, பெட்ரோல் முழுசாக 240, பின்னால் அம்மாவும் துணைக்கு ஒருவரும் 255, பை 25. கூட்டினால் சரியாக 2300. பாரப்புள்ளி 44 அங்குலம், அதில் குறையே இல்லை. ஆனால் எடையில் ஒரு பவுண்டுகூட மிச்சம் இல்லை. நீங்கள் கனமான ஃபோமும் கீலும் இரும்புப் பட்டையும் சேர்த்து இரண்டரைக் கிலோ கூட்டினீர்கள் என்றால் பாரப்புள்ளி ஒரு அங்குலத்தில் பதினான்கில் ஒரு பங்குதான் பின்னால் நகரும், ஆனால் விமானம் உச்ச எடையைத் தாண்டிவிடும். அதுவும் அக்னி நட்சத்திரத்தில் 40 டிகிரி வெயிலில் லாஸ்பேட்டையில் கிளம்பினால் காற்று சுமார் 3000 அடி உயரத்தில் இருக்கிற மாதிரி மெலிந்திருக்கும், ஓட்டமும் நீளும், ஏற்றமும் மந்தமாகும்.

ஆனால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. பின் சீட்டை ஏன் தொட வேண்டும்? முன்னால் வலது சீட்டைக் கழற்றிவிடுங்கள். அம்மா பின்னால் வலது பக்கம் அப்படியே உட்காரட்டும், எதிரே முழு இடமும் காலி, மடங்காத காலை நேராக நீட்டலாம். வலது கதவு வழியாக நேரே பின் சீட்டுக்குப் போகலாம், முன் சீட்டைச் சாய்த்து இடுக்கில் நுழைகிற அவஸ்தையும் இல்லை, 74 வயதில் அதுதான் பெரிய சிரமம். கணக்கும் போட்டுப் பார்த்தேன். கழற்றிய சீட் 25 பவுண்டு என்று வைத்து, பைலட் ஒருவர் 165, மற்றதெல்லாம் அதே. மொத்தம் 2110 பவுண்டு, பாரப்புள்ளி 44.6. எல்லைக்குள் இருக்கிறது, 190 பவுண்டு மிச்சமும் இருக்கிறது.

அம்மாவை முன் சீட்டிலேயே உட்கார வைத்தால் என்ன என்று யாராவது கேட்பார்கள். கூடாது. அங்கேயும் கால் மிதிகள் உண்டு, இரண்டு பக்க மிதியும் ஒன்றோடொன்று இணைந்தவை. மடங்காத கால் அதில் ஊன்றிவிட்டால் பைலட்டால் மிதியை நகர்த்த முடியாது.

ஓய்வு பெற்ற ஏ.எம்.இ.:

நெய்வேலித் தம்பி சொன்னது நல்ல வழி. எனக்கு ஏன் முதலிலேயே தோன்றவில்லை என்று இருக்கிறது, சீட்டை வெட்டப்போகிறார் என்றதும் கவனமெல்லாம் அதிலேயே போய்விட்டது.

ஆனால் அதையும் முறையாகச் செய்ய வேண்டும். விமானத்தோடு வந்த கருவிப் பட்டியலில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு குறி இருக்கும், ஆர் என்று இருந்தால் அது கட்டாயம் இருக்க வேண்டியது. பைலட் சீட் அப்படித்தான். வலது சீட்டுக்கு என்ன குறி என்று அவருடைய பட்டியலில் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். கழற்றுவது உரிமம் உள்ள ஏ.எம்.இ., எடைக் கணக்கு புதிதாக எழுதிக் கையெழுத்து, திரும்ப மாட்டும்போது மறுபடியும் ஒரு கையெழுத்து. சீட் முன்னும் பின்னும் நகருகிற தண்டவாளம் தரையில் காலியாகக் கிடக்கும், அதன் மேல் அம்மாவின் குதிகால் படாமல் பார்க்க வேண்டும், முன் பெல்ட்டின் நுனிகளை ஆடாமல் கட்டிவிட வேண்டும். சீட் வெளியே வந்ததுமே தண்டவாளத்தின் துளைகள் தேய்ந்திருக்கின்றனவா என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள். கிளம்பும்போது முன் சீட் பூட்டு விட்டுப் பின்னால் சரிந்ததால் செஸ்னாவில் உயிர்ச் சேதமே நடந்திருக்கிறது. அதனால்தான் 100 மணி நேரத்துக்கு ஒரு முறை அல்லது 12 மாதத்துக்கு ஒரு முறை, எது முதலில் வருகிறதோ அப்போது அவற்றைச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க உத்தரவே இருக்கிறது.

வெள்ளைப் பவுடர் பரவாயில்லையா என்று கேட்டீர்கள். பரவாயில்லை என்று சொல்ல மாட்டேன். அது அலுமினியத்தின் அரிப்பு. நம்ம கடற்கரைக் காற்றில் ஃபோம் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொண்டு குழாயோடு ஒட்டியே கிடக்கும், 1978-இலிருந்து எத்தனை ஐப்பசி மழை பார்த்திருக்கிறதோ. உப்புத்தாள் போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், ஆழம் எவ்வளவு என்று ஏ.எம்.இ. அளந்து பார்க்க வேண்டும். தேய்த்துப் பளபளவென்று ஆக்கிவிட்டால் அளக்க ஒன்றும் மிஞ்சாது. வெட்டாமல் நிறுத்தினீர்கள், அதனால்தான் இது கண்ணில் பட்டது. உறை போட்டு மூடியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

உறை வேலை உங்களுக்கே கிடைக்க வழி இருக்கிறது. அங்கீகாரம் உள்ள பராமரிப்பு நிறுவனம் ஒன்று பொறுப்பெடுத்து, சோதனைக் காகிதம் உள்ள துணியும் ஃபோமும் அவர்களே வரவழைத்து, அவர்கள் மேற்பார்வையில் நீங்கள் வெட்டித் தைக்கலாம். கையெழுத்து அவர்களுடையது, கைவேலை உங்களுடையது. பழைய உறையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், அதுதான் உங்களுக்கு அச்சு.

கடலூர் ஓ.டி. படகு:

ஐயா, அலை கீழேயிருந்து, விசை முன்பக்கம் என்று சொன்னீர்களே, அது மனசில் பதிந்தது. படகில் பாய் விரிக்கும்போது திசை பார்த்துத்தான் விரிப்பேன், ஆனால் இப்படி யோசித்ததில்லை. குஷன் அண்ணே, அந்த அம்மா பறக்கிற நாளைச் சொல்லுங்கள், வெள்ளிக் கடற்கரையில் நின்று கையாட்டுகிறேன்.

முதலியார்பேட்டை குஷன்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று சாயங்காலம் உரிமையாளரை வரச் சொல்லி இதையெல்லாம் அப்படியே படித்துக் காட்டினேன். வெள்ளைப் பவுடரைக் காட்டியபோது கொஞ்ச நேரம் பேசவே இல்லை. சீட் இன்று காலை விமானம் நிற்கிற ஹாங்கருக்கே திரும்பிப் போய்விட்டது, பழைய உறையும் துணிச்சீட்டும் பையில் போட்டுக் கூடவே கொடுத்தேன். ஏ.எம்.இ. ஒருவர் வந்து சட்டத்தை அளந்து பார்த்து, தேறினால் உறை, தேறாவிட்டால் அங்கீகாரச் சான்றோடு வேறு சீட் என்று முடிவாகியிருக்கிறது. முன் வலது சீட்டுக்கு என்ன குறி என்று பட்டியலிலும் அவர்தான் பார்த்துச் சொல்லப் போகிறார்.

அந்த அம்மாவும் காரில் வந்திருந்தார். விமானத்தில் சீட் தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று மகன் அளந்து வைத்திருந்தார், அதே உயரத்துக்குக் கடையில் பலகையும் ஃபோமும் அடுக்கி உட்கார வைத்துப் பார்த்தோம். கால் சரிவாக நீண்டு குதிகால் தரையில் நின்றது, வலி இல்லை என்றார். ஏறுவதுதான் சிரமமாக இருக்கும் போல, காரில் ஏறவே மகன் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினார். அதனால் ஒரு படி ஸ்டூல் மட்டும் நான் செய்து தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். தேக்குச் சட்டம், கீழே அகலம் மேலே குறுகல், இரண்டு படி, படி ஒவ்வொன்றும் 7 அங்குலத்துக்குமேல் போகாமல், மேலே வழுக்காத ரப்பர், ஒரு பக்கம் பிடிக்கக் கைப்பிடி. எஞ்சின் அணைந்திருக்கும்போது மட்டும் வைத்து, ஏறியதும் எடுத்துவிட வேண்டும் என்று மகனிடம் சொல்லிவிட்டேன். கைப்பிடி எந்தப் பக்கம் வேண்டும் என்று அம்மாவிடமே கேட்டேன், இடது பக்கம் என்றார்.